பத்து வினாடி

முதலில் கை சூடேற வேண்டும்.
குளிர்ந்த கை பொய் சொல்லும்,
பழுதை ஒளித்துவிட்டு
எல்லாம் சரி என்று கோடு போட்டுக் காட்டும்.

கிளைபேடாவில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும்
ஒரே ஈயத் தகடு.
ரிம்காவுதாஸின் வலது கை
வெந்நீர்ப் பைக்கு அடியில்.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது…
தோலின் சூடு எண்ணெண்ணாக ஏறுகிறது.
அவர் தண்ணீர் கேட்கிறார். மூன்றாவது தம்ளர்.
வாயில் மரத்தூளைக் கொட்டினாற்போல் இருக்கிறதாம்.

முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் வடம் கட்டியவர்.
"கப்பல் கரையைத் தொடாது, தெரியுமா?
ஓர் ஆள் விழுந்து சாகிற அளவுக்கு
நடுவில் எப்போதும் தண்ணீர் இருக்கும்.
மேலிருந்து மெல்லிய கயிற்றை எறிவார்கள்.
அதை இழுத்தால் பின்னால் வடம் வரும்.
குற்றியில் மாட்டினால்தான்
கப்பல் நம்முடையது."

எனக்குச் சிரிப்பு வந்தது.
பதினாறு வருடமாக
நான் சம்பளம் வாங்குவதும் அந்த இடைவெளிக்காகத்தான்.
நரம்பும் தசையைத் தொடுவதில்லை.

முப்பத்திரண்டரை. போதும்.
சுண்டுவிரல் மேட்டில் ஒரு தகடு, விரலடியில் ஒன்று,
மணிக்கட்டில் மின்முனை.
"சுண்டும்" என்றேன்.
"சுண்டட்டும்."

விரல் துள்ளியது.
திரையில் ஒரு குட்டி மேடு:
ஒன்று புள்ளி ஒன்று மில்லிவோல்ட்.
வடம் இழுத்த கைக்கு
ஏழோ எட்டோ இருந்திருக்க வேண்டும்.

வினாடிக்கு மூன்றாகப் பத்து அடி.
ஒன்றைவிட ஒன்று தணிந்து
மேடுகள் மண்ணில் அமிழ்ந்துகொண்டே போயின.
இது எனக்குப் பழகிய கதை என்று நினைத்தேன்:
வடம் வருகிறது, கரையில் குற்றி இல்லை.
மாலையானால் இமை சரிகிறவர்கள்,
ரொட்டியைப் பாதி மெல்லும்போதே தாடை ஓய்கிறவர்கள்.

டாக்டர் ஸ்கைஸ்தே எழுதியனுப்பிய சீட்டில்
கடைசி வரி அடிக்கோடிட்டிருந்தது:
பத்து வினாடி முழு பலம். உடனே ஒரே ஓர் அடி.

சுண்டுவிரலை என் விரலுக்கு எதிராக விரிக்கச் சொன்னேன்.
தள்ளுங்கள். இன்னும். விடாதீர்கள்.
ஏழு, எட்டு…
கழுத்து புடைக்கத் தள்ளினார்.
பொத்தானை அழுத்தினேன்.

மேடு எழுந்து திரையின் விளிம்பில் முட்டியது.
அளவை மாற்றித்தான் பார்க்க முடிந்தது.
மூன்று புள்ளி நான்கு.

"வளர்ந்திருக்கிறதே!" என்றார்.
"வீட்டில் சொன்னால் நம்புவதில்லை.
முதலில்தான் வராது, பிறகு வந்துவிடும்.
பழைய இஞ்சின், அவ்வளவுதான்."

ஒரு நொடி எனக்கும் சந்தோஷம்.
இத்தனை சுத்தமான கோட்டை
இந்த மேஜையில் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன்.
அடுத்த நொடி
அவர் சட்டைப் பையில் சிகரெட் பெட்டியின் சதுரம் கண்ணில் பட்டது.

குற்றிகள் உடையவில்லை இவருக்கு.
எறிகிறவர்கள் தூங்குகிறார்கள்.
உலுக்கினால் எழுந்து கைநிறையக் கயிறு எறிந்துவிட்டு
மறுபடி சாய்கிறார்கள்.
ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தேன்: ஒன்று புள்ளி இரண்டு.
யார் இவர்களைத் தூங்கவைத்தது என்று
நெஞ்சைப் படம் எடுத்துத் தேடுவார்கள்.
சிலருக்கு அங்கே ஒன்றும் இருக்காது.
சிலருக்கு, பட்டாணி அளவில்.

நான் கோடு எடுப்பவள்.
சொல்வது டாக்டர் வேலை.
"நன்றாகத் தள்ளினீர்கள்" என்றேன்,
அதில் பொய் இல்லை.

தகடுகளின் பசையைத் துடைத்துவிட்டேன்.
லிஃப்ட் இடதுபக்கம் என்றதற்குத் தலையாட்டிவிட்டு
மாடிப்படிக்குத் திரும்பினார்.
மேலே, டாக்டரின் அறைக்கு.

கதவைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஒரு படி. கைப்பிடி முனகல்.
நெடு நேரம் கழித்து
இன்னொரு படி.
மூன்றாவது.
பிறகு
நாலு ஐந்து ஆறு ஏழு என்று
கப்பலுக்கு நேரமாகிவிட்டதுபோல்